நிமிர முடியவில்லை

நாள் 171, காலை 8.10
பெனிட்டா மச்சாது. நிலவைச் சுற்றும் ஆய்வுக்கூடத்தில் தனியாள். காற்றழுத்தம் சரி. காற்று வடிகட்டியை மாற்றியாயிற்று. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால்தான் மாற்றவேண்டும்; இல்லாவிட்டால் விட்ட மூச்சே சேர்ந்து உள்காற்று கெட்டுவிடும். பூமிக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாள். தரைநிலைய டாக்டர் இசக்கியப்பன் புதுப் பயிற்சி அனுப்பியிருக்கிறார்: பலகையில் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பட்டையை எதிர்த்துக் கால்களைத் தூக்கி இறக்குவது. தினம் முப்பது. செய்தேன். சுலபம்.

நாள் 172, காலை 9.00
அறுபது செய்தேன். போன தடவை பூமியில் இறங்கியபோது, எடையில்லாமல் மிதந்தே கால்கள் பலமிழந்திருந்ததால், என்னை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். அதைப் பார்த்து மகள் ஷெரின் அழுதுவிட்டாள். இந்தத் தடவை நடந்து போகணும்.

நாள் 173, காலை 7.40
தும்மினேன். வயிறு கல்லாக இறுகிவிட்டது. தொப்புளுக்கு மேலே தசை புடைத்துத் துடித்தது. நாற்பது விநாடியில் அடங்கியது. தரைநிலையத்தைக் கூப்பிட்டேன்.
"தசைப்பிடிப்பும்மா. உப்புப் போட்டு நிறையத் தண்ணி குடிங்க. ரெண்டு நாள் பயிற்சி வேண்டாம். எத்தனை செஞ்சீங்க?"
"முப்பதுதான் டாக்டர்."

நாள் 174, காலை 10.15
வலி போய்விட்டது, அசதியில் பகலிலும் தூங்குகிறேன் என்று சொன்னேன். பொய். நெஞ்சில் ஒட்டியிருந்த துடிப்புமானியைக் கழற்றிவிட்டு எண்பது செய்தேன். தோல் அரிக்கிறது என்றேன். நம்பிவிட்டார்கள்.

நாள் 175, காலை 9.20
கழுத்தில் தொங்கும் கருவியில் பேசிப் பதிகிறேன். இது தரைக்குப் போகாது. ஐம்பதாவது தூக்கலில் வயிறு பிடித்துக்கொண்டது. சுருண்டு கிடக்கிறேன். இடுப்புப் பெல்ட்டை மாட்டியிருக்கும் கொக்கி பலகையின் தலைமாட்டில், தலைக்குப் பின்னால். நிமிர்ந்து கையை நீட்டினால்தான் எட்டும். நிமிர்ந்தால் மறுபடி பிடிக்கிறது. வடிகட்டியை மாற்றும் நேரம் ஆகிவிட்டது. பயிற்சியை முடித்துவிட்டு மாற்றலாம் என்றிருந்தேன்.

10.50
பதினான்கு தடவை முயன்றேன். ஒரு தடவை கொக்கியை விரல் தொட்டது. தொட்டதும் வயிற்றை யாரோ பிழிகிற மாதிரி... கத்திவிட்டேன். கத்தினாலும் பிடிக்கிறது.

12.30
வடிகட்டியின் எச்சரிக்கை மணி அடிக்கிறது. அது இங்கே மட்டும்தான் கேட்கும், தரைக்குப் போகாது. தலை கனக்கிறது. மூச்சு வாங்குகிறது. மூச்சை இழுத்தாலே வயிறு துடிக்கிறது. பெல்ட்டைப் பல்லால் கடித்தேன். நூல்கூடப் பிரியவில்லை.

14.05
வானொலி! நான்கு மீட்டர் தள்ளி. பொத்தானை அழுத்தினால்தான் என் குரல் போகும்.
"பெனிட்டா, டாக்டர் பேசுறேன். இப்ப வலி எப்படி இருக்கு?"
இங்கே இருக்கேன் டாக்டர். கட்டிக்கிட்டுக் கிடக்கேன். எண்பது செஞ்சேன். பொய் சொன்னேன்.
"பெனிட்டா?"
வானொலியில், டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல்: "துடிப்புமானியும் இல்ல சார். திரும்பக் கூப்பிடவா?"
"வேண்டாம்மா. அசதியில தூங்குறதாச் சொன்னாங்க. தூங்கட்டும். நாளைக் காலையில பேசுவோம்."
இணைப்பு போய்விட்டது.

15.40
அவர்மேல் கோபமில்லை. நான் சொன்னதைத்தான் அவர் நம்பினார். ஷெரின், நாற்காலியில் வந்திருந்தா என்னடி. வந்திருப்பேனே.

16.25
இருபத்து மூன்றாவது தடவை. விரல் மரத்துவிட்டது. இப்ப வலி கொஞ்சம் குறைவு. தூக்கம் வருது. அது நல்லதில்ல, தெரியும்.

16.50
யாராவது வந்து கதவைத் திறந்தா, முகமூடி போட்டுக்கிட்டு வாங்க. உள்ளே காற்று கெட்டிருக்கும். முதல்ல வடிகட்டியை மாத்துங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க. அவசரமில்ல. என்னை நேரா நிமித்தி