நீ போட்ட மாடலில் தப்பில்லை

இன்று காலை அம்பத்தூர் ஆலையில் ஜெனரேட்டர் சத்தத்தை அடக்கும் கூண்டு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுப் பலகையில் பசை இன்னும் காயவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் சட்டை ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கணக்கிடுவதுதான் நம் இருவருக்கும் வேலை. நீ மட்டும் பாதி நேரம் பலகை ஒட்டுகிறவர்களோடு நின்று, மைக் வைத்து அளந்துவிட்டு வருவாய்.

நீ கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் முழுக்க உன்னைச் சந்தேகப்பட்டேன்.

இந்தக் கூண்டுக்கு உன் பழைய மாடலை எடுத்துத்தான் கணக்குப் போட்டேன். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் எகிறியது. மாதிரிக் கூண்டில் அளந்தால் அப்படி எதுவுமே இல்லை. மேலாளர் திரையைப் பார்த்தார். "மாடலே தப்பு போல. அப்போ அவர் பண்ணின எல்லா வேலையிலயும் இது இருக்குமே? கஸ்டமருக்கெல்லாம் லெட்டர் போட்டுடலாம். திங்கட்கிழமைக்குள்ள பார்த்துச் சொல்லுங்க" என்றார். "சரி சார்" என்றேன்.

சனிக்கிழமை தனியாக உட்கார்ந்தேன். மாடலின் வெளி எல்லையில் மோதி அலை திரும்பி வருகிறதோ என்று பார்த்தேன். அதை உறிஞ்சும் அடுக்கை நீ சரியாகத்தான் வைத்திருந்தாய். பஞ்சின் அளவுகளும் சரி. அப்போதுதான், ஆவடி சிக்னலில் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நீ கத்தியது நினைவுக்கு வந்தது: "மச்சான், ஸ்கிரீன்ல கலரு ஷோக்கா கீதுன்னு நம்பாதே. அலைக்கு மெஷ்ஷு போதுமான்னு பாரு!"

பார்த்தேன். கணக்குக்காக இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் அந்த மெஷ்ஷில் ஒவ்வொரு கட்டமும் பத்து சென்டிமீட்டர். இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே பதினேழு சென்டிமீட்டர்தான். ஓர் அலைக்குள் ஆறு கட்டமாவது வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. உன் கோப்பைத் திறந்தேன். நீ ஐந்நூறு ஹெர்ட்ஸோடு நிறுத்தியிருந்தாய். அதற்கு அந்த மெஷ் போதும். அதை இரண்டாயிரம் வரை மேலே இழுத்தவன் நான். கட்டங்களைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினேன். எகிறல் காணாமல் போனது. நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அழுகையும் வந்தது.

திங்களன்று "தப்பு என்னோடது சார்" என்றேன். லெட்டர் போகவில்லை.

அன்று மாலை வெள்ளானூரில் உன் வீட்டுக்குப் போனேன். ஆபீசிலிருந்து யாரோ உன் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள் போல. வாசலிலேயே கேட்டாள்.

"இன்னாண்ணா, அவரு மேல தப்பு இல்லதானே?"

"இல்லம்மா. என் மேலதான்."

"எனக்குத் தெரியும்ணா" என்றாள். பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நெடுமூச்சு விட்டாள். "உள்ள வாங்க, காபி போடறேன்."

இப்போதெல்லாம் எந்தக் கோப்பில் கை வைத்தாலும், என்ன மாற்றினேன் என்று முதல் வரியிலேயே எழுதி என் பெயரைப் போட்டுவிடுகிறேன். தப்பு வந்தால் என்னிடமே வரட்டும். உன்னைத் தேடிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.