திரை கறுத்த இடம்

போன ஞாயிறு மேசை இழுப்பறையில் நான்காக மடித்த உங்கள் தாள் அகப்பட்டது, தங்கச்சி. முன்பு எத்தனையோ தடவை அதைக் கண்டும் காணாதவன் போல் மூடியிருக்கிறேன். இம்முறை விரித்து வாசித்தேன். ஆம், நானேதான் வாசித்தேன்! லண்டனில் பார்க்கிங் என்ற எங்கள் பகுதித் தேவாலயத்துத் தமிழ் வகுப்பில் ஏழு மாதமாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். எழுபத்து நான்கு வயதில், தமிழ்க் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு தெருவில் நடக்கிறேன். மனைவி வெட்கப்பட்டு முன்னால் போய்விடுகிறாள். இந்த மடல் எழுத நான்கு நாள் பிடித்திருக்கிறது.

நாம் முதலில் சந்தித்த அன்று, சந்தைத் தெருவில் நீங்கள் கமராவோடு நின்றபோது நான் குறுக்கே நின்றேன். நாம் பேசியது ஆங்கிலம், என்னுடையது உடைந்த ஆங்கிலம். இப்போது என் காதில் அது நம்முடைய தமிழாகவே கேட்கிறது.

“ஐயா, என்ரை படத்துக்குள்ளை நிக்கிறியள்.”

“நான் ரோட்டிலைதான் நிக்கிறன்.”

சிரித்தீர்கள். யேமனில் ஏடன் உங்கள் ஊர் என்றீர்கள். இளவயதில் கப்பல் வேலையில் அந்தத் துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றதைச் சொன்னேன். உங்கள் சிரிப்பு நின்றது.

“நாலு வயதிலை வெளிக்கிட்டனான். கடல் என்ன நிறமெண்டே ஞாபகமில்லை.”

இரவல் கமராவில் தாயின் தையல் இயந்திரத்தைப் படமாக்கித் தொடங்கியவர் நீங்கள். இரண்டாவது படம் வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் போனது. போரால் ஊருக்குப் போக முடியாமல், லண்டனில் இருந்தே ஏடனைக் காட்ட மூன்றாவதை எடுத்தீர்கள். என்னை யன்னலோரம் இருத்தி, ஏடனில் கண்டதைக் கமராவுக்கு முன் அரை நாள் பேச வைத்தீர்கள். “இதுதான் படத்தின்ரை நெஞ்சு” என்று சொல்லி, கையெழுத்து வைக்க இந்தத் தாளைத் தந்தீர்கள். என் சம்மதம் இல்லாமல் அதைக் காட்ட முடியாதாம்.

எனக்கோ பெயர்கூட எழுதத் தெரியாது. அதை உங்களிடம் சொல்ல நா எழவில்லை. தாளை மனைவிக்கும் காட்டாமல் ஒளித்தேன். ஒரு கிழமையில் வந்தீர்கள்.

“வாசிச்சனீங்களோ?”

“ஓம், வாசிச்சனான். வேண்டாம் தங்கச்சி. படத்திலை முகம் காட்ட விருப்பமில்லை.”

“நான் ஏதும் பிழையாக் கேட்டிட்டனோ?”

“சீச்சீ, இல்லை.”

நீங்கள் வற்புறுத்தவில்லை.

படம் திரையிட்ட அன்று என்னையும் மனைவியையும் முன்வரிசையில் இருத்தினீர்கள். நடுவில் திரை கறுத்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. வெளியே வந்ததும், “அது உங்கடை இடம். வேறை ஒருத்தரையும் வைக்க மனம் வரேல்லை” என்றீர்கள். அதுவே உங்கள் கடைசிப் படமாயிற்று. போன மாரியில் நோய் உங்களைக் கொண்டுபோனது. கட்டிலருகே வந்திருந்தபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

தாள் தமிழில் இருந்தது. எனக்காக யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறீர்கள். கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன்: ‘கையெழுத்து வைக்க இயலாதவர், கமராவுக்கு முன் வாயால் சம்மதம் சொன்னாலும் போதும்.’

மனைவியிடம் நீட்டினேன். “இதை அண்டைக்கே என்னட்டைத் தந்திருக்கலாமெல்லோ?” என்றாள். தாளை மடித்துத் தந்துவிட்டு, “ஒரு சொல் கிடைக்காமலெல்லோ அந்தப் பிள்ளை திரையிலை இருட்டைக் காட்டினது” என்றாள்.

அடியில் என் பெயரை எழுதிவிட்டேன், கோணலாக. வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. யன்னலோரம் நான் சொன்னதை நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். படம்பிடித்தது எங்கே கிடக்கிறதோ, இப்போது அதை அறிந்தவன் நான் மட்டும். ஆகவே இங்கே எழுதுகிறேன்: விடியலில் ஏடன் கடல் வெளிர்பச்சை. வெயில் ஏற ஏற நீலம். கப்பலில் நின்று பார்த்தால் மலை கறுப்பு. அதன் காலடியில் உங்கள் ஊர், வெள்ளையாக.