நாளாகாமலே அமைந்த விண்மீன் மண்டலம்

இன்று காலை தேக்கா உணவங்காடியில் அத்தையோடு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு படம் வந்தது. வெகு தொலைவில், அண்டம் இளசாக இருந்த காலத்திலேயே உருவான ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஜிலேபியின் குறுக்கே ஈர்க்குச்சியை வைத்த மாதிரி இருந்தது. பார்த்ததும் உங்களிடம் காட்டத்தான் திரும்பினேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் தாண்டியும் என் கழுத்துக்கு அது உறைக்கவில்லை.

பக்கத்தில் அத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "மூணு வருஷம் சேந்து இருந்ததெல்லாம் ஒரு குடும்பமா? நீ இன்னும் வாழவே ஆரம்பிக்கல லா. நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு, பாக்கட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. படத்தின் கீழே இருந்த செய்தியைப் படிக்க ஆரம்பித்தேன்.

கல்யாணமாகிப் பொங்கோல் வீட்டுக்கு வந்த புதிதில் நமக்குள் தினமும் சண்டை. வாசல் காரிடாரில் உங்கள் தொலைநோக்கி நின்றால் என் துணி ஸ்டாண்டுக்கு இடமிருக்காது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வேறு, "தம்பி, யார் வீட்டைப் பாக்குறீங்க லா?" என்று கேட்டே விட்டார். சனிக்கோளைக் காட்டி அவர் வாயை அடைத்தீர்கள். என் வாயை அடைக்க முடியவில்லை. அப்போதுதான் சொன்னீர்கள்: "கன்னாபின்னான்னு சுத்துற மண்டலம் கொஞ்சம் அடங்கினாத்தான் நடுவுல பட்டை விழும். அதுக்கு நாளாகும். நமக்கும் அப்படித்தான்."

அவ்வளவு நாளாகவில்லை. எப்போது என்று தெரியாது, வானம் தெளிந்த மாலைகளில் நீங்கள் கேட்காமலே நான் துணியை உள்ளே எடுத்தேன். மூட்டமான மாலைகளில் நான் முறைக்காமலே நீங்கள் தொலைநோக்கியை உள்ளே தூக்கிக்கொண்டு போனீர்கள். நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதுகூட இல்லை.

அத்தனை சீக்கிரம் பட்டை அமைய வழியில்லை என்றுதான் விஞ்ஞானிகளும் நினைத்திருந்தார்களாம். அது பாட்டுக்கு அமைந்து, முழுசாக நின்றிருக்கிறது. இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நீங்கள் இல்லையே என்பதற்குப் பாதி. நீங்கள் சொன்னது தப்பு என்று கேலி செய்ய ஆளில்லையே என்பதற்கு மீதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இடம் பாருங்க அத்தை, வேணாங்கல," என்றேன். "ஆனா அவங்ககிட்ட, இந்தப் பொண்ணு இன்னும் வாழவே ஆரம்பிக்கலன்னு சொல்லாதீங்க. ஒரு தடவை நல்லா வாழ்ந்தவன்னு சொல்லுங்க."