எங்கள் வீட்டு எண் 5882353

ஜூன் 9

என் கணக்கு டீச்சருக்கு,

நலம். நீயும் நலம்தானே? "ஒரு வருஷம் மட்டும் போய்ப் பாக்குறேங்க" என்று சொல்லித் தலைமையாசிரியை வேலைக்கு ஊர் மாறிப் போனாய். வருஷம் முடிந்தும் அங்கேயே ஒட்டிக்கொண்டாய். மருந்துக்கடையை மூடிவிட்டு வந்தால் எனக்குச் சுவரோடுதான் பேச்சு.

கல்யாணமான புதிதில் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் வகுப்போமே, தப்பு செய்தவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று? நேற்று நம் வீட்டு டெலிபோன் எண்ணை எடுத்தேன். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு. எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்று நான்தான்.

இரண்டாகப் பிரிந்த குடும்பம் உருப்படாது. மாத முடிவுக்குள் வேலையை விட்டுவிட்டு வா. இல்லையென்றால் போனைத் துண்டிக்க மனு கொடுத்துவிடுவேன். அப்புறம் உன் வழி உனக்கு.

கோபத்துடன்,
உன் வீட்டுக்காரன்

ஜூன் 14

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

ஐந்தை ஏன் தாண்டிக் குதித்தீர்கள்? ஐந்தால் வகுத்தால் மூன்று மிஞ்சும், உங்கள் பருப்பு வேகாது, அதனால்தானே? பாத்திரம் உங்களுக்குத்தான்.

நான் முழுதாகப் பார்த்தேன். நம் எண்ணின் வர்க்கமூலம் 2425 சொச்சம். அதுவரை உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது மீதியின்றி வகுபடவில்லை. ஆக நம் எண்ணும் பகா எண். அதை யாரும் பங்கு போட முடியாது. நீங்களும்தான்.

ஆனால் வெட்டலாம். டெலிபோன் புத்தகத்தில் இருப்பது போலவே 588, 2353 என்று வெட்டுங்கள். 588ஐ அதாலேயே பெருக்கினால் 345744. 2353ஐ அப்படிப் பெருக்கினால் 5536609. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று வாங்கிய நாற்காலி இது. விடமாட்டேன். உங்களையும் விடமாட்டேன். போனைத் துண்டித்தால் துண்டியுங்கள், ஞாயிறு காலை அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவேன்.

விட்டுக்கொடுக்காத,
உங்கள் டீச்சர்

ஜூன் 23

டீச்சருக்கு,

ஞாயிறு மணி அடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எடுக்கவில்லை. ரோஷம்.

நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். இந்த முயலுக்கு மட்டும் நாலு காலும் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கூட்டினேன், நம் வீட்டு எண்தான் வந்து நின்றது. மனுவைக் கிழித்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை, சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு கூப்பிடாதே. எடுக்க ஆள் இருக்காது. காலை வண்டிக்கு அங்கே வந்துவிடுவேன். பாத்திரங்களைக் கழுவாமல் போட்டு வை.

ஐந்தைத் தாண்டியவன்