பறவைத் தீவுக்குப் போன படகு

இஞ்சேருங்கோ, முதலில் நல்ல செய்திகள். சுபா டேனிஷ் வாசிப்பில் வகுப்பில் முதலிடம். இந்த ஊர்ப் பிள்ளைகளையே முந்திவிட்டாள். ரமணன் பள்ளிக்கூடப் பந்தாட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். கடைக்குட்டி தானாகவே சப்பாத்து நாடா கட்டுகிறாள். நம் மகன் பெற்றதுகள் எதிலும் சோடை இல்லை.

இன்று மருமகள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உங்கள் மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள். "மாமி, இதை ஆருக்கும் குடுப்பமே?" மோந்து பார்த்தேன். டீசலும் உப்பும். கோடையில் போன அந்தப் படகு இன்னும் அதில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

டென்மார்க்கின் இந்தச் சில்க்போர்க் ஊரில் இருக்கும் நம் ஆட்களை மொழிப் பள்ளிக்காரர் ஒருநாள் உலாவாகக் கூட்டிப்போனார்கள், பறவைகள் மட்டும் வாழும் சின்னத் தீவுக்கு. நான் புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டேன். நடுக்கடலில் சாம்பல் நிறக் காவல் படகு ஒன்று நம்மை நோக்கி வந்தது. ஊரில் கடற்படைப் படகின் அந்த நிறத்தைக் கண்டால், சுடத் தொடங்கும் முன்பே படகின் அடியில் படுத்துவிடுவோம். "நேவி! படுமப்பா!" என்று என் தலையை அமத்தி, என்மேல் கவிழ்ந்தீர்கள். காவலர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

"எழும்புங்கோ, சனம் பாக்குது. மானம் போகுது" என்றேன்.

"உமக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டீர்கள்.

தீவில் இறங்கியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பெண்களோடு புட்டுப் பொதியைப் பிரிக்கும்போது, "எங்கட மனிசனுக்குக் கடற்காகமும் நேவிதான்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றீர்கள். கேட்டிருக்கும்.

பிறகு கூட வந்த மொழிப் பள்ளி ஆசிரியை எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தாள். நீங்கள் கரையோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பறவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணையைக் கூப்பிடுங்கோவன், அக்கா."

"அவர் வரமாட்டார். எடுக்கச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றி நாம் கதைக்கவே இல்லை. பனி விழத் தொடங்கும் முன் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்த நாட்டில் நாம் சேர்ந்து நின்றிருக்கக்கூடிய ஒரே படம் அது. அதில் நீங்கள் இல்லாமல், நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அன்று உண்மையாகவே வெடி விழுந்திருந்தால், அது உங்கள் முதுகில்தான் பட்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதும் விதம் தெரியவில்லை. என்மேல் கவிழ்ந்த உங்கள் பாரம் மட்டும் இன்னும் என் முதுகில் இருக்கிறது. அதை இறக்கிவைக்க மனமில்லை.

ஊருக்குப் போடும் கடிதங்களில் எல்லாம் கடைசியில் புதுப்படம் ஒன்று கேட்பேன். உங்களிடமும் கேட்கிறேன். ஒன்று அனுப்புங்கோ. இந்தப் பக்கம் திரும்பி நின்று எடுத்ததாக.