தாழிக்குள் இருந்த சாவி

சிட்லபாக்கம்,
19 நவம்பர் 2025

அன்புத் தங்கை சரசுவுக்கு,

தயாளன் எழுதுகிறேன். நீங்களும் மகள் தேவதர்ஷினியும் பேத்தியும் நாக்பூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உறுதியான செய்தி. நேற்று காலை 11.20-க்கு உங்கள் வீட்டு வாசல் பூட்டு ஒரு சாவிக்குத் திறந்தது. நீங்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன சாவி அல்ல, வேறொன்று. திறந்தவர் கோவிலம்பாக்கம் அகழாய்வுக் குழுவின் அதிகாரி அனுப்பிரியா. ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் காலேப்பும் நானும் பக்கத்தில் நின்றோம். போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

இனி வருவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடுகிறது.

அது கையால் செய்த திண்டுக்கல் பூட்டு. அதற்கு இரண்டே சாவி. ஒன்று என் மேஜையில் இருக்கிறது. மற்றொன்று, 2018 ஜூன் 3, ஞாயிறு காலை உங்கள் வீட்டுக்காரர் ரவியின் சட்டைப்பையில் போனது. அன்று நீங்கள் மகளின் பிரசவத்துக்காக நாக்பூரில் இருந்தீர்கள். எப்போதும் கூடப் போகும் காலேப்புக்கு அன்று பட்டறையில் அவசர வேலை. அதனால் ரவி, மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ஏரிக்கரையில் வண்டியும் டிடெக்டரும் கிடைத்தன. ரவி கிடைக்கவில்லை.

அவர்கள் இருவரும் காசு ஆசையில் அலைந்தவர்கள் அல்ல. 2016-இல் நாற்பத்து மூன்று கம்பெனிக் காலத்துச் செப்புக் காசுகளைத் தோண்டி எடுத்து, அன்றே தாலுகா ஆபீசில் ஒப்படைத்தார்கள். அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

காலேப் ஏழு வருடம் டிடெக்டரைத் தொடவில்லை. இந்த அக்டோபர் 5 அன்று, கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டப்போகும் மனைக்காரர் கூப்பிட்டதால் எடுத்துப் போனார். ஓரிடத்தில் சத்தம் கேட்டது. இரும்பு என்றால் அந்தக் கருவி உறுமும். பித்தளை என்றால் கீச்சென்று கத்தும். அன்று கீச்சென்று கத்தியது. இரண்டடி தோண்டியதும் ஒரு பானை விளிம்பு தெரிந்தது. காலேப் அதோடு நிறுத்தி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். நவம்பர் 6 அன்று குழுவினர் முழுத் தாழியையும் வெளியே எடுத்தார்கள். பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை அது. உள்ளே ஓர் இரும்பு வாள், ஒரு வெண்கலக் கிண்ணம், இருபத்தேழு சிவப்புக் கல்மணிகள், ஒரு பொன் காதணி. இவை பேப்பரில் வந்துவிட்டன, தேவதர்ஷினியும் படித்திருப்பாள்.

பேப்பரில் வராதது ஒரு பித்தளைச் சாவி. தாழியின் அடியில், வலது கை விரல் எலும்புகளுக்கு நடுவே இருந்தது. காலேப்பின் கருவிக்கு ஓரடிக்குக் கீழே சின்னப் பொருள் கேட்காது. சாவி கிடைத்தது ஐந்தரை அடியில், ஆனாலும் அன்று கருவி கீச்சென்று கத்தியது.

அது அவருடையதா என்று கேட்க 14-ஆம் தேதி காலேப்பைக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தயாளண்ணா, இது ரவியண்ணன் சாவிண்ணா. ரெண்டாவது பல்லுல மூணு கோடு கீது பாரு. என் அரம் போட்டது" என்றார். பூட்டு இறுகுகிறதென்று ரவி திருமுடிவாக்கம் பட்டறைக்கே வந்து ராவிக்கொண்டு போனாராம். "பாத்து ராவுடா, இது போச்சுன்னா சரசு என்னையே பொதைச்சிடுவா" என்று அன்று சிரித்தாராம். இதைச் சொல்லும்போது காலேப் சிரிக்கவில்லை.

யாராவது பிறகு உள்ளே போட்டிருக்கலாமே என்று அனுப்பிரியாவிடம் நான்கு விதமாகக் கேட்டேன். தாழியின் வாயை மூடியிருந்த கல்லைப் புரட்ட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். காலேப் விளிம்போரம் தோண்டிய இடம் தவிர, கல்லுக்கு மேலே களிமண் எங்கும் கலையவில்லை. எலி வளை இல்லை, வேர் இறங்கிய ஓட்டை இல்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் போட்டோ இருக்கிறது. கடைசியில் அவரே என்னைக் கேட்டார்: "ரிப்போர்ட்ல இதை எப்படி எழுதறதுன்னே தெரியல சார். நீங்க பேப்பர்காரர், நீங்களே சொல்லுங்க." நாற்பது வருடம் எழுதிய நான், ஐந்தரை அடி என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உங்கள் மாடிக் குழாயில் அடைத்த இலைகளை நம் வேலையாள் குப்பன் எடுத்துவிட்டான். முருங்கை சாய்ந்துவிட்டது, சுவர் தப்பியது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டேன். நேற்று பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இருக்கலாம். நானும் கை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் அசைந்தது. மேலே, உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் மட்டும் அசையவில்லை. ஆகஸ்டில் நான்தான் உள்ளே போய்ப் பெருக்கினேன். பின்கதவை உள்ளே தாழிட்டு, முன்கதவு வழியாக வந்து, வெளியே பூட்டினேன். ஜன்னல் கம்பிகளை நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன.

கதவை உடைக்க உங்கள் சம்மதக் கடிதம் வேண்டுமாம். ஏழு வருடம் தகவல் இல்லாததால் ரவி இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரும் மனுவும், உங்கள் கையெழுத்துக்காக வக்கீல் மோகன்ராஜிடமிருந்து வந்திருக்கும். தேவதர்ஷினி கையெழுத்துப் போடச் சொல்வதில் தவறில்லை. அம்மா இன்னும் எத்தனை நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் அவளுக்குக் கவலை. ஆனாலும் இரண்டிலும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நெற்றியில் பொட்டு இருக்கட்டும்.

சாவி குழுவினரிடம் இருக்கிறது. பழைய பூட்டையே மறுபடி போட்டுவிட்டோம். மாற்றக் கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் மீறவில்லை. தாழியிலிருந்த எலும்புக்கூட்டின் ஒரு பல்லை வயதுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை வரும். இரண்டாயிரம் வருடம் என்றாலும் ஏழு வருடம் என்றாலும் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. மனுவை வக்கீல் தாக்கல் செய்வது 15-ஆம் தேதி.

நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. 13-ஆம் தேதி காலை தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிறேன். கதவை உடைப்பதற்கு முன்னால், வாசலில் நின்று நீங்கள் ஒருமுறை ரவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள் அம்மா. நாங்கள் யாரும் இன்னும் கூப்பிடவில்லை.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் அண்ணன்,
தயாளன்