தும்பையின் கால்கள்

நவம்பர் 4

மன்னிக்கணும். பரீட்சைக்கு வாங்கி மீந்துபோன நோட்டில் எழுதுமளவுக்கு என்னிடம் ஒன்றுமில்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தும்பையைப் பற்றி எங்காவது சொல்லியாக வேண்டும்.

தும்பை எங்கள் வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு அப்பா கூட்டிப்போவார். காலைப் பனியில் அவள் உடம்பு கரைந்துவிடும். இரண்டு கண்கள் மட்டும் மிதக்கும். இன்று பனிக்குள்ளிருந்து உதைக்கும் சத்தம்தான் வந்தது. பின்னங்காலைக் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து ரத்தம்.

நவம்பர் 6

குளம்புக்கு மேலே, நான்கு கால்களிலும் பொருக்கு. ரோமம் பிசினாக ஒட்டியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது.

"அத்தன வெள்ளையா கால வச்சிருந்தா ஊரு கண்ணு சும்மா வுடுமா?" என்கிறாள் அம்மா.

அந்த வெள்ளை என் வேலை. ஆவணியிலிருந்து ஒவ்வொரு ஊர்வலத்துக்கு முன்பும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வேட்டிக்குப் போடுவதுபோல் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினேன். மறுபடி அலசவில்லை, நீலம் போய்விடுமே என்று. ஈரத்தோடு அப்பா சலங்கை கட்டிவிடுவார். "எம் பொண்ணு கை பட்டா பளிச்சுனு ஆயிடும்" என்பார். எப்படி என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அதனாலா? மழைச் சேற்றாலும் இருக்கலாம் இல்லையா?

நவம்பர் 8

கால்நடை டாக்டர் ஜாஸ்மின் வந்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார்.

"கழுவ என்னம்மா போடுறீங்க?"

"தண்ணிதாங்க."

என் வாய்தான் சொன்னது. பக்கத்தில் அப்பா.

"வெறும் தண்ணின்னா, பூச்சியா இருக்கலாம். ஒட்டிக்கும், திரும்பத் திரும்ப வரும்." மருந்து எழுதிக் கொடுத்துப் போனார்.

நவம்பர் 9

சொல்லவில்லை.

நவம்பர் 11

கனவு. ஒகேனக்கல்லில் நானும் தும்பையும் ஆற்றைக் கடக்கிறோம். அவள் கால்களிலிருந்து வெள்ளை பிரிந்து நீரில் பால்போல் போகிறது. கால்களே இல்லாமல் அவள் நடக்கிறாள், அரிப்பில்லாமல், லேசாக. விழித்ததும் என் விரல்களைப் பார்த்தேன்.

நவம்பர் 13

மருந்துக்குக் குறையவில்லை. ஏரியூரிலிருந்து குதிரைத் தரகர் வந்தார். "வருசா வருசம் வர்ற சொறி இது, கிருஷ்ணப்பண்ணே. ஊர்வலம் போவீங்களா, இதுக்குக் கால் அமுக்கி வுடுவீங்களா?"

அப்பா தும்பையைப் பார்க்கவேயில்லை. "ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிட்டுப் போ."

ஐயோ, பூச்சியே இல்லயே! நான்தானே பண்ணேன்!

நவம்பர் 15

சொல்லிவிட்டேன். அப்பா தவிடு பிசைந்துகொண்டிருந்தார். அவர் முதுகிடம் சொன்னேன்.

கை நின்றது. "வேட்டிக்குப் போடுற நீலத்தயா?"

"ஆமாங்கப்பா."

"இதுக்குத்தான் அந்தக் காலேஜுல மூணு வருசம் வச்சிருந்தாங்களா?"

கோபமா, சிரிப்பா? தெரியவில்லை. போனை என் கையில் வைத்தார். "டாக்டர்ட்ட நீயே சொல்லு. ஏரியூர்க்காரன்ட்ட நான் பேசிக்கறேன்."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப தோல் வெந்திருக்கு. ஒட்டிக்கிறதெல்லாம் இல்ல. அந்த மருந்த நிறுத்து. நல்ல தண்ணியில அலசி, துணியில ஒத்திக் காய வை. பொருக்கப் பிய்க்காத. களிம்பு தர்றேன்."

நவம்பர் 22

தரையில் மணல் பரப்பியிருக்கிறோம். பழைய பருத்திப் புடவையால் ஒத்தி எடுக்கிறேன். இன்று ஒரு பொருக்கு தானாக உதிர்ந்தது. அடியில் ரோஜா நிறத்தில் புதுத் தோல். மத்தியானம் முழுக்க ஓர் உதைச் சத்தமும் இல்லை. அவள் நின்றபடி தூங்கினாள், பார்த்துக்கொண்டே நானும்.

நவம்பர் 28

டாக்டர் வந்து பார்த்து, நடக்கலாம் என்றார். நாளை தருமபுரியில் ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள்: போன கல்யாணத்தில் பார்த்ததுபோல் கால் பளபளவென்று இருக்குமா?

"காலு இருக்கற மாதிரிதான் இருக்கும்ங்க. சலங்கையும் கெடயாது. ஒத்து வரலன்னா வேற குதிர பாத்துக்குங்க" என்றார் அப்பா.

வரச் சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டு வாரத்தில் தும்பை ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறாள்: நான் குனிந்தால் தானாகக் காலைத் தூக்கித் தருகிறாள். மேளச் சத்தத்தில் காலடியில் யாராவது வந்தால் மிரளுவாளோ என்று அப்பாவுக்குக் கவலை. எங்கள் பக்கத்தில் பெண்கள் ஊர்வலக் குதிரையோடு போவதில்லை. நான் கடைக்குப் போவதென்றாலே சுவரோரமாய் நடப்பவள்.

மாலையில் அப்பா கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அப்பா, நாளைக்கு அவள நான் புடிச்சிட்டு வரட்டுங்களா?"